பார்த்தது யார், எங்கே, எப்போது? வானத்தின் கணக்கு எழுதிய ஆயிரம் வருடக் கதை



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி ஒரு வகைச் செய்தி சுற்றி வருகிறது. "வானியலைக் கண்டுபிடித்ததே முஸ்லிம்கள்தான்" என்று தொடங்கும். நாலு அறிஞர்களின் பெயர் வரும், தலைப்பாகை கட்டிய ஒரு படம் வரும், கடைசியில் "இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று வரும். யார் சொன்னது, எந்தக் கிதாபில் இருக்கிறது என்பது மட்டும் வராது.

அந்த அறிஞர்கள் உயிரோடு இருந்து இதை வாசித்தால் அவர்களுக்கே பிடித்திருக்காது. ஏனென்றால் அவர்களுடைய உண்மையான பெருமை "முதலில் கண்டோம்" என்பதில் இல்லை. கண்டதை எப்படி எழுதி வைத்தார்கள், யாரிடமிருந்து எடுத்தோம் என்பதை எப்படிச் சொன்னார்கள் என்பதில்தான் இருக்கிறது. இன்று ஒரே இரவில் கோடிக்கணக்கான தரவுகளைச் சேர்க்கும் விஞ்ஞானிகளும் அதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கெய்ரோவில் ஒரு பள்ளிவாசல்

ஹிஜ்ரி 367, ரபீஉல் ஆகிர் மாதம் 28. ஆங்கிலக் கணக்கில் 977 டிசெம்பர் 13. கெய்ரோவின் அல் கராஃபா பகுதியில் உள்ள ஒரு பள்ளிவாசலில் அறிஞர்கள் சிலர் காலையிலேயே கூடியிருந்தார்கள். அன்று சூரிய கிரகணம். அவர்களில் ஒருவர் இப்னு யூனுஸ்.

அவர் எழுதி வைத்த குறிப்பு இன்றும் இருக்கிறது. வந்திருந்தவர்கள் யார் யார் என்று பெயர்களை எழுதினார். கிரகணம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியபோது சூரியன் அடிவானிலிருந்து 15 பாகைக்கு மேல், 16 பாகைக்குக் கீழ் இருந்தது என்று எழுதினார். சூரியனின் விட்டத்தை 12 பங்காகப் பிரித்தால் ஏறத்தாழ 8 பங்கு மறைந்தது, இதில் எல்லோருக்கும் ஒரே கருத்து என்று எழுதினார். கிரகணம் முழுதாக விலகியபோது சூரியன் இருந்த உயரத்தையும், அது தானே அளந்தது என்பதையும் எழுதினார்.

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. இன்றைக்கு நாம் என்றால் "காலை 8.40க்குத் தொடங்கியது" என்று எழுதிவிட்டுப் போவோம். அந்தக் காலத்தில் நம்பத்தக்க மணிக்கூடு இல்லை. ஆனால் ஓர் ஊரின் அகலக்கோடும் திகதியும் தெரிந்தால், சூரியன் எத்தனை பாகை உயரத்தில் நின்றது என்பதிலிருந்து நேரத்தைக் கணக்கிட்டு எடுக்கலாம். கணக்குப் போட்டு வந்த விடையை மட்டும் எழுதாமல், கண்ணால் அளந்த அளவையே எழுதி வைத்ததால், பின்னால் வருபவர் யாராக இருந்தாலும் அந்தக் கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்க்கலாம்.

இப்னு யூனுஸ் 1009இல் வஃபாத்தானார். ஃபாத்திமிய ஆட்சியாளர் ஹாகிமின் பெயரால் அவர் எழுதிய 'அஸ்ஸீஜ் அல்ஹாகிமி' என்ற நூலில், தன்னுடைய அவதானங்களோடு தனக்கு முன்னர் பக்தாதில் வாழ்ந்தவர்கள் கண்ட கிரகணங்களையும் அவரவர் பெயரோடு சேர்த்திருந்தார். அந்நூலின் கைப்பிரதி ஒன்று நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. 1804இல் கொசான் என்ற பிரெஞ்சு அறிஞர் அதன் பகுதிகளை மொழிபெயர்த்து வெளியிட்டார்.

20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஸ்டீவன்சன் இந்தக் குறிப்புகளைக் கையில் எடுத்தார். பூமி இன்று சுழலும் அதே வேகத்தில் அன்றும் சுழன்றது என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், கிரகணம் நடந்திருக்க வேண்டிய நேரமும் அந்தக் குறிப்புகள் காட்டும் நேரமும் ஒத்துப்போகவில்லை. ஆயிரமாம் ஆண்டளவில் அந்த வித்தியாசம் அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. பிழை குறிப்பில் இல்லை. பூமியின் சுழற்சிதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்திருக்கிறது. பாபிலோன், சீனம், கிரேக்கம், அரபு என்று பல நாட்டுப் பழைய பதிவுகளையும் சேர்த்து வைத்து, பகற்பொழுதும் இரவும் சேர்ந்த ஒரு நாளின் நீளம் நூறு வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடி வருகிறது என்று கண்டார்கள்.

பள்ளிவாசலில் கூடியிருந்த அந்த அறிஞர்களுக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை. இப்படி ஒரு கேள்வி வரும் என்றுகூட நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அவர்களுடைய குறிப்பு பதில் சொல்லியது. காரணம், அது ஸனதோடு இருந்தது. யார் கண்டார், எங்கே கண்டார், எதைக் கொண்டு அளந்தார் என்ற தொடர் அறுபடவில்லை. ஹதீஸ் கலையில் மத்தனை மட்டும் வைத்துக்கொண்டு அறிவிப்பாளர் தொடரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். வெறும் எண்ணும் அப்படித்தான். இன்றைய கணினித் துறையில் இதற்கு மெட்டாடேட்டா என்று பெயர், அதாவது தரவைப் பற்றிய தரவு.

ஸீஜ் என்றால் என்ன?

'ஸீஜ்' என்பது பாரசீகத்திலிருந்து அரபுக்கு வந்த சொல். தறியில் நெசவுக்காக இழுத்துக் கட்டும் பாவு நூலைக் குறித்த சொல் அது என்பார்கள். நிரலும் நிரையுமாக எண்கள் நிறைந்த அட்டவணை பார்ப்பதற்குப் பாவு விரித்த தறி போல இருக்கும் அல்லவா? சூரியன், சந்திரன், கிரகங்கள் எந்த நாளில் எங்கே நிற்கும் என்று கண்டுபிடிக்க உதவும் அட்டவணைத் தொகுப்புதான் ஸீஜ். 1956இல் கென்னடி என்ற ஆய்வாளர் பட்டியல் எடுத்தபோது 125 ஸீஜ்கள் தெரிய வந்தன. இப்போது அந்த எண்ணிக்கை 200ஐத் தாண்டிவிட்டது.

இவ்வளவு ஏன்? ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே பிரதி எடுத்தால் ஒன்று போதுமே! அவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் திரும்ப அளந்து பார்த்தார்கள். ரக்கா நகரில் 877 முதல் 918 வரை வானத்தைப் பார்த்த அல் பத்தானி, தன் அளவுகளைத் தனக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த தொலமியின் அளவுகளோடு ஒப்பிட்டார். பூமியிலிருந்து சூரியன் மிகத் தொலைவில் நிற்கும் இடம் வானத்தில் நகர்ந்திருப்பதை அப்படித்தான் கண்டார். ஓர் ஆயுளில் தெரியாத அசைவு அது. பழைய கணக்கு கையில் இருந்தவருக்குத்தான் தெரியும்.

இந்த வேலைக்கு அவசரம் ஆகாது. மராகாவில் 1259இல் ஆய்வகம் தொடங்கியபோது நஸீருத்தீன் தூஸி 30 வருடம் வேண்டும் என்றார். சனிக் கிரகம் ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறத்தாழ அவ்வளவு காலம் பிடிக்கும். ஹுலாகு கானோ 12 வருடத்துக்குள் முடிக்கச் சொன்னான். பணம் கொடுப்பவருக்கும் ஆராய்ச்சி செய்பவருக்கும் இடையிலான இந்த இழுபறி புதிதல்ல!

சமர்கந்து: கட்டடம் போனது, அட்டவணை நின்றது

தைமூரின் பேரன் உலுக் பேக். 1420களில் சமர்கந்தில் ஓர் ஆய்வகம் எழுப்பினார். தொலைநோக்கி பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூறு வருடங்களுக்கு முன்னர். அதனால் கருவியைப் பெரிதாக்குவதுதான் துல்லியத்துக்கு வழி. ஏறத்தாழ 40 மீற்றர் ஆரமுள்ள ஒரு வில்லைக் கட்டினார்கள். அதன் கீழ்ப்பகுதியைப் பாறையைக் குடைந்து நிலத்துக்குள் இறக்கினார்கள். காழிஸாதா ரூமி, ஜம்ஷீத் அல் காஷி, அலி குஷ்ஜி போன்றவர்கள் அங்கே வேலை செய்தார்கள்.

1437ஐ ஆதாரமாகக் கொண்டு அவர்கள் வெளியிட்ட ஸீஜில் 1018 நட்சத்திரங்களின் இடங்கள் இருந்தன. அதன் முன்னுரையில் உலுக் பேக் ஒரு விடயத்தைச் சொல்கிறார். எல்லா நட்சத்திரங்களையும் நாங்கள் புதிதாக அளந்தோம், ஆனால் 27 நட்சத்திரங்கள் தெற்கே மிகத் தாழ்வாக இருப்பதால் சமர்கந்திலிருந்து தெரியவில்லை, அவற்றை 964இல் எழுதப்பட்ட அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபியின் நூலிலிருந்து எடுத்து, காலத்துக்கேற்பத் திருத்திச் சேர்த்தோம் என்பது அதன் சாரம். அவர் சுல்தான். சொல்லாமல் விட்டிருந்தால் கேட்க ஆள் இல்லை. ஆனாலும் எது தன்னுடையது, எது பிறருடையது என்று பிரித்துச் சொன்னார். பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லும் செய்திகளை எழுதுபவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1449இல் உலுக் பேக் தன் சொந்த மகனின் ஏற்பாட்டால் கொல்லப்பட்டார். ஆய்வகம் கைவிடப்பட்டு அழிந்தது. 1908இல் வியாத்கின் என்ற ரஷ்யத் தொல்லியலாளர் தோண்டி எடுக்கும் வரை அது நின்ற இடம்கூட மறந்து போயிருந்தது. இஸ்தான்பூலில் தகிய்யுத்தீன் நடத்திய ஆய்வகமும் 1580இல் இடிக்கப்பட்டது. ஓர் அரசனின் ஆதரவை மட்டும் நம்பி நின்ற இடங்களுக்கு இந்தக் கதிதான். ஆனால் அட்டவணை சாகவில்லை. அலி குஷ்ஜி இஸ்தான்பூல் போய்ச் சேர்ந்தார். பிரதிகள் ஊர் ஊராகப் போயின. 1665இல் ஒக்ஸ்ஃபோர்டில் தோமஸ் ஹைட் அந்த நட்சத்திரப் பட்டியலை அச்சிட்டார். கல்லால் கட்டியது மண்ணுக்குள் போனது. பிரதி எடுத்தது நின்றது.

கண்ணாடித் தகடுகளும் கம்பியூட்டர் பெண்களும்

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரச்சினையின் உருவமே மாறியது. தொலைநோக்கியோடு புகைப்படக் கருவியைப் பொருத்தினார்கள். ஒரு கண்ணாடித் தகட்டில் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள் ஒரே தடவையில் பதிந்தன. அதுவரை தரவு போதாது என்பதுதான் குறை. இப்போது பார்த்து முடிக்க ஆள் போதவில்லை.

அமெரிக்காவின் ஹார்வர்ட் ஆய்வகத்தின் பணிப்பாளர் எட்வர்ட் பிக்கரிங் இந்த வேலைக்குப் பெண்களை அமர்த்தினார். அவர்களைத்தான் அன்று 'கம்பியூட்டர்' என்று அழைத்தார்கள். கணக்குப் போடும் ஆள் என்று பொருள். சம்பளம் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 25 சதம். பிக்கரிங்கின் வீட்டில் வேலைக்காரியாக இருந்த வில்லியமினா ஃபிளெமிங் இந்தப் பணிக்கு வந்து, 1890இல் பதினாயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் பட்டியலுக்கு வகைப்பாடு செய்தார். செவிப்புலன் பெரும்பாலும் இழந்திருந்த ஆனி கெனன், நட்சத்திரங்களை அவற்றின் ஒளிப்பட்டையைக் கொண்டு வகை பிரித்தார். அவருடைய பட்டியல் 1918 முதல் 1924 வரை ஒன்பது தொகுதிகளாக வந்தது. அதில் 2,25,300 நட்சத்திரங்கள்! தகட்டைப் பார்த்து அவர் எழுத்துகளைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் எழுதுவார். அவர் வகுத்த ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற வரிசையைத்தான் இன்றும் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள்.

இன்னொருவர் ஹென்றியெட்டா லீவிட். பெரு நாட்டிலிருந்து கப்பலில் வந்த தகடுகளில், ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைத் தேடுவது அவர் வேலை. ஒரே இடத்தை வெவ்வேறு இரவுகளில் எடுத்த தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடுவார். 1908இல் 1777 நட்சத்திரங்களைப் பட்டியலிட்டார். 1912இல் அவற்றில் 25ஐ எடுத்து ஒரு விதியைக் காட்டினார். ஒளி கூடிக் குறைய எவ்வளவு நாள் எடுக்கிறதோ, அதற்கேற்ப அந்த நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசமும் அதிகம். உண்மையான பிரகாசம் தெரிந்தால், நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம்.

அஸ்ஸூஃபி தன் நூலில் ஒரு 'சிறு மேகம்' பற்றிக் குறித்து வைத்திருந்தார். இன்று அதை அன்ட்ரோமீடா என்கிறோம். 1923இல் எட்வின் ஹபிள் அதே மேகத்துக்குள் ஒளி மாறும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டார். அது ஒளி மாறுகிறது என்பதை உறுதிப்படுத்தப் பழைய தகடுகளைத்தான் எடுத்துப் பார்த்தார். தூரத்தைக் கணக்கிட லீவிட்டின் விதியைப் பாவித்தார். அந்த மேகம் நமது பால்வீதிக்கு வெளியே உள்ள இன்னொரு நட்சத்திரத் திரள் என்று அப்போதுதான் தெரிய வந்தது. இன்றைய கணக்கில் அதன் தூரம் 25 இலட்சம் ஒளியாண்டுகள். 1925இல் லீவிட்டை நோபல் பரிசுக்கு முன்மொழியும் எண்ணத்தோடு சுவீடனிலிருந்து ஒருவர் கடிதம் எழுதினார். லீவிட் 1921இலேயே இறந்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது.

ஹார்வர்டில் அப்படி ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள் சேர்ந்தன. அவற்றையும் ஓர் ஆபத்து தொட்டது. 2016 ஜனவரியில் நீர்க்குழாய் ஒன்று வெடித்து, அறுபதாயிரம் தகடுகள் வரை தண்ணீரில் நனைந்தன. அவற்றைக் காப்பாற்றி, தொடர்ந்து ஸ்கேன் செய்தார்கள். தகட்டில் அந்தப் பெண்கள் மையால் இட்ட குறிகளைத் துடைப்பதற்கு முன்னர் அவற்றையும் படம் எடுத்து வைத்தார்கள். தகடு எந்தத் திகதி, எந்த நேரம், எந்தத் தொலைநோக்கியில் எடுக்கப்பட்டது என்று எழுதிய குறிப்புப் புத்தகங்கள் இல்லாவிட்டால் அந்தக் கண்ணாடிக்குப் பெறுமதி இல்லை. மீண்டும் ஸனது!

இன்று: ஓர் இரவுக்கு 20 டெராபைட்

இந்தக் காலத்துக்கு வருவோம். ஐரோப்பாவின் கையா விண்கலம் 2013இல் ஏவப்பட்டது. 2022இல் அது வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 180 கோடி வான்பொருட்கள். உலுக் பேக்கின் 1018ஐ நினைத்துப் பாருங்கள்.

2019இல் கருந்துளையின் முதல் படத்தை எல்லோரும் பகிர்ந்தோம். அதற்கான தரவு இணையத்தில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிது. ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றி விமானத்தில்தான் கொண்டுபோனார்கள். தென் துருவத்திலிருந்த டிஸ்க்குகள் அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் வரும் வரை மாதக்கணக்கில் காத்திருந்தன.

சிலியின் மலையுச்சியில் உள்ள ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. அதன் கமரா 3200 மெகாபிக்சல். ஓர் இரவுக்கு 20 டெராபைட் அளவில் தரவு சேரும். ஒவ்வொரு படத்தையும் அதே இடத்தின் பழைய படத்தோடு கணினி ஒப்பிட்டு, மாறியது எது என்று உடனே அறிவிக்கும். ஓர் இரவில் பல மில்லியன் அறிவிப்புகள். லீவிட் தகட்டின் மேல் தகடு வைத்துச் செய்த அதே வேலைதான்! இந்த ஆய்வின் காலம் 10 வருடம். தூஸி கேட்ட 30க்கு இன்றும் சம்மதம் கிடைக்கவில்லை.

கணினி எல்லாவற்றையும் செய்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2007இல் 'கெலக்ஸி ஸூ' என்ற திட்டத்தில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் திரள்களின் படங்களை இணையத்தில் போட்டு, வகை பிரிக்கப் பொதுமக்களிடம் கொடுத்தார்கள். முதல் வருடத்தில் ஒன்றரை இலட்சம் பேர் பங்கெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான நெதர்லாந்துப் பாடசாலை ஆசிரியை ஹனி வான் ஆர்கல், யாரும் அதுவரை கவனிக்காத பச்சை நிறத் தோற்றமுள்ள ஒரு வாயு மேகத்தைக் கண்டார். இன்று அது அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

அந்தத் திட்டத்தில் இன்னொரு சங்கதியும் நடந்தது. இடஞ்சுழியாகச் சுழலும் திரள்கள் அதிகம் என்று மக்களின் பதில்கள் காட்டின. பிரபஞ்சத்தின் பெரிய இரகசியமா? அவசரப்படாமல் சில படங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிக் காட்டினார்கள். அப்போதும் மக்கள் இடஞ்சுழி என்றே அதிகம் சொன்னார்கள். சாய்வு வானத்தில் இல்லை, பார்க்கும் கண்ணில் இருந்தது. சாட்சியைக் கேட்பதோடு நிற்காமல், சாட்சியின் நம்பகத்தையும் சோதிக்க வேண்டும். இது நமக்குப் புதிய பாடமா?

நமக்கு என்ன?

இரண்டு விடயங்கள் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, கையா தரவு முழுவதும் இலவசம். உயர்தரத்தில் கணிதமோ தொழினுட்பமோ படிக்கும் பிள்ளை, ஒரு பழைய மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால், கேம்பிரிட்ஜில் இருப்பவர் பார்க்கும் அதே பட்டியலைப் பார்க்கலாம். ஆங்கிலத் தடை உண்டு, பழக வேண்டும். ஆனால் கதவு பூட்டியில்லை. பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குக் குறிப்பாகச் சொல்கிறேன்: வானத்தின் மிகப் பெரிய பட்டியலை வகை பிரித்தது மேசையில் உட்கார்ந்து பொறுமையாக வேலை செய்த பெண்கள்தான்.

இரண்டு, ஒவ்வொரு மாதமும் 29ஆம் நாள் மஃரிபுக்குப் பிறகு நம் ஊர்களில் பிறை பார்க்கிறோம். கண்டால் யார் கண்டார், எங்கே கண்டார் என்று விசாரிக்கிறோம். அது நல்ல பழக்கம். காணாவிட்டால் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஆனால் "காணவில்லை" என்பதும் தரவுதான். எந்த இடம், சூரியன் மறைந்து எத்தனை நிமிடம், மேகம் இருந்ததா, எத்தனை பேர் பார்த்தார்கள், கண்டதா இல்லையா, இந்த ஐந்தையும் ஒரு சீஆர் கொப்பியில் மாதம் தவறாமல் எழுத ஒரு பள்ளிவாசலும் பத்து மாணவர்களும் போதும். கருத்து வேறுபாடுகளை அந்தக் கொப்பி தீர்த்துவிடும் என்று சொல்ல வரவில்லை. பத்து வருடம் கழித்து நம் பிள்ளைகள் வாதாடும்போது, கையில் ஒரு கணக்காவது இருக்கும்.

அதோடு, அந்தக் கொப்பியை ஒரே அலுமாரியில் கறையானுக்கு விட்டுவிடாமல் ஒரு பிரதியும் எடுத்து வையுங்கள். சமர்கந்து சொல்லித் தந்த பாடம் அது.